எள்ளுருண்டை கேட்கப் போனவள்

"இனிமே பிள்ளைங்க யாரும் டீச்சருக்குன்னு எதுவும் செஞ்சு கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லிடப் போறேன்மா" என்றாள் குமுதவல்லி.

தையலம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன்?"

"தொந்தரவும்மா. பிள்ளைங்களுக்கும் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு."

தையலம்மா ஒரு காம்பைக் கிள்ளி ஒதுக்கினார். 

கொள்ளிடக் கரையில் ஓடு வேய்ந்த சின்ன மடம் அது. தையலம்மா அங்கேயே தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வருவார்கள். உட்கார்ந்திருப்பார்கள். பேச ஏதாவது இருப்பவர் பேசுவார். போதனை என்று ஒன்றும் நடக்காது.

தையலம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. குமுதவல்லிக்கு ஐம்பத்திரண்டு. டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். வயதில் சின்னவரை அம்மா என்று கூப்பிடுவதில் அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஊர் முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். தையலம்மாவும் அப்படித்தான்.

சற்று நேரம் பொறுத்துக் குமுதவல்லியே ஆரம்பித்தாள்.

"வருஷக் கடைசியில பிள்ளைங்க ஏதாவது பரிசு கொண்டு வரும்மா. போன வருஷம் ஒரு பையன் சுவர்க் கடிகாரம் கொண்டு வந்தான். இன்னொருத்தி பட்டுப்புடவை. எதுவும் வாங்க முடியாத பிள்ளைங்க அன்னைக்கு லீவு போட்டுடுச்சுங்க."

"ம்."

"அதனால இந்த வருஷம் நானே முன்கூட்டிச் சொல்லிட்டேன். கடையில வாங்கினா தொட மாட்டேன். அம்மா அப்பா கூட இருந்து உதவலாம். ஆனா நீங்க உங்க கையால செஞ்சிருக்கணும்னு."

"நல்லாத்தானே சொல்லியிருக்கீங்க."

"நல்லாத்தான் சொன்னேன்" என்றாள் குமுதவல்லி. முதலில் நிமிர்ந்த குரல், சொல்லி முடிப்பதற்குள் தணிந்துவிட்டது.

"என்னவெல்லாம் கொண்டு வந்தாங்க?"

குமுதவல்லியின் முகம் கொஞ்சம் இளகியது.

"ஒரு பிள்ளை பாட்டிலைச் சுத்திப் புளியங்கொட்டை ஒட்டி, பேனா வைக்கிற கூடு. பாதிக் கொட்டை வழியிலேயே உதிர்ந்து போச்சு. அதையும் ஒரு பொட்டலத்துல கட்டிக் கொண்டு வந்திருந்தா. ஒருத்தன் ஐஸ் குச்சியில போட்டோ சட்டம். கிரேப் பேப்பர்ல சாமந்தி. ஒருத்தன் கொட்டாங்கச்சியில குருவி செஞ்சிருந்தான். அவனே சொன்னான், டீச்சர் இது குருவின்னு. சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது."

"எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ஒவ்வொருத்தரையும் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னேன்."

"அப்புறம் என்ன தொந்தரவு?"

குமுதவல்லி பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிள்ளை எள்ளுருண்டை கொண்டு வந்துச்சு" என்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"எள்ளு ஒத்துக்காதா?"

"ஒத்துக்கும்."

தையலம்மா அடுத்த கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தார்.

"அந்தப் பிள்ளைக்கு எப்பவும் மூக்கு ஒழுகிட்டே இருக்கும்மா. நகம் பூரா அழுக்கு. அந்தக் கையால உருட்டினதுன்னு நினைச்சா ஒரு மாதிரி இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்க செஞ்ச சாப்பாட்டுப் பண்டம்னா கொஞ்சம் யோசிக்கத்தானே வேணும்?"

"வேற யாரும் தின்ன எதுவும் கொண்டு வரலையா?"

"பிரணவ் ரவா லட்டு கொண்டு வந்தான். மளிகைக்கடைக்காரர் பையன். அவனே பிடிச்சதாம். ஒண்ணு எலுமிச்சங்காய் மாதிரி, ஒண்ணு நெல்லிக்காய் மாதிரி. வகுப்புலயே ரெண்டு எடுத்து வாயில போட்டேன். பையனுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"அவன் நகம் எப்படி இருந்துச்சு?"

குமுதவல்லி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வெளியே யாரோ ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். 

"பார்க்கலம்மா" என்றாள்.

தையலம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?"

"அவ அம்மா நகராட்சியில துப்புரவு வேலை பார்க்கறாங்க."

சொன்ன வேகத்திலேயே தொடர்ந்தாள். "ஆனா நான் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லம்மா. எல்லாரும் சமம்னு இத்தனை வருஷமாப் பாடம் எடுக்கறேன். அவளை முதல் வரிசையிலதான் உட்கார வெச்சிருக்கேன்."

தையலம்மா சிதறிக் கிடந்த இலைகளைத் தட்டில் சேர்த்தார்.

"பார்க்கிற ஆள் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் குமுதவல்லி.

"உருண்டையை என்ன பண்ணினீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வரக் கூடாது என்றுதான் முதலிலேயே தொந்தரவு, அது இது என்று சுற்றி வளைத்திருந்தாள்.

"சாயங்காலம் மணி அடிச்சு எல்லாரும் போனதும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி குப்பைத் தொட்டி இருக்கு. அதுல கொட்டினேன். குழாய்கிட்ட நின்னு டப்பாவைக் கழுவினேன். கழுவிட்டுத் திரும்பினா அவ நிக்கறா."

"யாரு?"

"அந்தப் பிள்ளைதான். கனிஷ்கா. டப்பாவை மறக்காம வாங்கிட்டு வரணும்னு அவ அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. தொட்டியிலிருந்து அஞ்சாறு அடிதான் இருக்கும். மூடி இல்லாத தொட்டி. மேலேயே கிடந்துச்சு எல்லாம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான் பேசினேன். நல்லா இருந்துச்சு கண்ணு, எல்லாத்தையும் டீச்சர் சாப்பிட்டுட்டேன்னு."

தையலம்மா அவளையே பார்த்தார்.

"தொட்டியைப் பார்த்தாம்மா. அப்புறம் என்னைப் பார்த்தா. ஈர டப்பாவை வாங்கிப் பைக்குள்ள வெச்சா. சரிங்க டீச்சர்னு சொல்லிட்டுப் போயிட்டா."

குமுதவல்லியின் கண்ணில் நீர் இல்லை. அழுதால் தேவலை என்றிருந்தது. வரவில்லை.

"அந்தப் பிள்ளைகிட்ட நான் எப்படிம்மா மன்னிப்புக் கேக்கறது?"

தையலம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு எள்ளுருண்டைன்னா ரொம்பப் பிடிக்கும் டீச்சர்" என்றார்.

"நாளைக்கே செஞ்சு எடுத்துட்டு வரேன்மா."

"நீங்க செஞ்சது வேண்டாம். அந்தப் பிள்ளை கையால உருட்டினது வேணும். அவ வீட்டுக்குப் போய் எனக்குன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க."

"அம்மா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சிதான்."

உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு குமுதவல்லி ஒரு பெரிய துணிப்பையோடு வந்தாள்.

"வாங்கிட்டு வந்தீங்களா?" என்றார் தையலம்மா.

"அவங்க தெரு முனை வரைக்கும் போனேன்மா."

"தெரு முனையில எள்ளுருண்டை விக்கறாங்களா?"

குமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பையில என்ன?"

"கலர் பென்சில் பெட்டி. ஓவிய நோட்டு. ஒரு கவுன். அவளுக்குன்னு வாங்கினேன். இதைக் கையில குடுத்துட்டு அப்புறமா மெதுவாக் கேக்கலாம்னு."

"ஒருத்தர் வீட்டு வாசல்ல போய்க் கேக்கறவங்க கையில என்ன இருக்கும் டீச்சர்?"

குமுதவல்லி யோசித்தாள்.

"ஒண்ணும் இருக்காது."

தையலம்மா கையை நீட்டினார். குமுதவல்லி பையைக் கொடுத்தாள்.

அன்றைக்கே போனாள். வெயில் ஏறியிருந்தது.

நகராட்சிக் குடியிருப்பு, ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரே வரிசையாகப் பத்திருபது வீடுகள். டீச்சர் வந்திருக்கிறார் என்று யாரோ முன்னால் ஓடிச் சொல்லிவிட்டார்கள். கனிஷ்காவின் அம்மா செல்வராணி ஈரக் கையோடு வெளியே வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"பிள்ளையைப் பெயிலாக்கிட்டாங்களா டீச்சர்?"

"இல்லம்மா. பாஸ்தான். நல்லாப் படிக்கிறா."

செல்வராணிக்கு மூச்சு வந்தது. உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்தாள். திரும்பவும் ஒரு தடவை துடைத்தாள்.

"உட்காருங்க டீச்சர். இதோ, கடையில கலர் சோடா வாங்கிட்டு வந்துடறேன்."

"கலரெல்லாம் வேண்டாம். தண்ணி போதும்."

"பாட்டில் தண்ணி வாங்கிட்டு வரேன் டீச்சர். பக்கத்துலதான் கடை."

"எதுக்கு? உங்க வீட்டுத் தண்ணி குடுங்க."

செல்வராணி நின்றாள். டீச்சர் நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு உள்ளே போனாள். டம்ளரைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குமுதவல்லி நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 

தண்ணீர் வந்தது. செல்வராணி டம்ளரைக் கொடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். குடிக்காமல் கீழே வைத்தாலும் தான் பார்க்கவில்லை என்று இருக்கட்டும் என்பதற்காக.

குமுதவல்லி முழுவதையும் குடித்தாள்.

அப்போதுதான் கனிஷ்கா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

"என்ன விஷயமா வந்தீங்க டீச்சர்?" என்றாள் செல்வராணி.

குமுதவல்லி வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆத்தங்கரை மடத்துல ஒரு அம்மா இருக்காங்க, உங்க பொண்ணு எள்ளுருண்டை செஞ்ச கதையைச் சொன்னேன், அவங்க ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டாங்க. அழகான வாக்கியம். சொன்னால் செல்வராணி பூரித்துப் போவாள். தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்படுவாள். டீச்சருக்கு நல்ல மனசு என்பார்கள். குப்பைத் தொட்டி அதற்கடியில் காணாமல் போய்விடும்.

வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"எள்ளுருண்டை இருக்கா?" என்றாள் குமுதவல்லி. "ஒண்ணு குடுப்பீங்களா? எனக்கு."

செல்வராணி சிரித்துவிட்டாள். அதுவரை இருந்த இறுக்கமெல்லாம் அந்தச் சிரிப்பில் கழன்றுவிட்டது.

"அன்னைக்குக் குடுத்தது அவ்வளவு பிடிச்சிருந்துச்சா டீச்சர்? இவ வந்து சொன்னா. டீச்சர் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கம்மா, எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்கம்மான்னு. எனக்கு நம்பவே முடியல."

குமுதவல்லி கதவுப் பக்கம் பார்த்தாள். கனிஷ்கா கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான் உருட்டித் தரேன்னுதான் சொன்னேன் டீச்சர். பாகு சூட்டோட உருட்டணும், ஆறிப்போச்சுன்னா உதிர்ந்துடும். பிள்ளை கை தாங்குமா? கேக்கவே இல்ல. டீச்சர் எங்க கையாலதான் செய்யச் சொல்லியிருக்காங்கன்னு ஒரே அடம். கையை ஊதி ஊதி உருட்டினா. மறுநாள் உள்ளங்கை சிவந்து கிடந்துச்சு. ஆனா கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வெச்சுத்தான் டீச்சர் செய்ய விட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவள் அவசரமாகச் சொன்னாள்.

குமுதவல்லியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போன வாரமும் கொஞ்சம் செஞ்சோம். மிச்சம் இருக்கும், பார்க்கறேன்" என்று செல்வராணி உள்ளே போனாள்.

கனிஷ்கா கதவை விட்டுவிட்டு நாற்காலிக்கு அருகில் வந்தாள். வகுப்பில் சந்தேகம் கேட்க வரும்போது நிற்கும் அதே இடைவெளியில் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்."

"கண்ணு..."

"சொன்னா அம்மா அழுவாங்க."

உள்ளே பாத்திரங்கள் நகரும் சத்தம். செல்வராணி டப்பாவோடு வந்தாள். அதே டப்பா. அதைத் தன் கையால் கொடுக்காமல் மகளிடம் நீட்டினாள்.

"நீயே குடு. நீ செஞ்சதுதானே."

கனிஷ்கா டப்பாவை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. திறந்து நீட்டினாள்.

குமுதவல்லி ஒன்றை எடுத்தாள். வாயில் போட்டாள்.

எள் பல்லில் அரைபட்டது. வெல்லம் கரைந்தது. விழுங்க வரவில்லை. பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உருண்டை உள்ளே இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

இறங்கியது.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க டீச்சர்" என்றாள் செல்வராணி.

கனிஷ்கா டப்பாவை மூடிவிட்டாள்.

"ஏய், என்ன பழக்கம் இது?" என்றாள் அவள் அம்மா.

"விடுங்க" என்றாள் குமுதவல்லி. "ஒண்ணுதான் கேட்டேன்."

அங்கிருந்து நேராக மடத்துக்கு வந்தாள். பகல் சாப்பாடு முடிந்து தையலம்மா வாசல் நிலைக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"எங்கே?" என்று கையை நீட்டினார்.

"இல்லம்மா."

"தரலையா?"

"உங்களுக்குன்னு கேக்கல. உங்க பேரைச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். எனக்குன்னுதான் கேட்டேன். அங்கேயே சாப்பிட்டுட்டேன்."

தையலம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சற்று நகர்ந்து இடம் விட்டார். குமுதவல்லி உட்கார்ந்தாள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். டம்ளர் தேய்த்த சத்தம். சோப்புப் போட்டுக் கழுவ வைத்ததைச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளை சொன்னது. டப்பாவை மூடியது.

"அவ அம்மாகிட்ட நான் சொல்லலம்மா. பிள்ளைக்காகச் சொல்லலையா, எனக்காகச் சொல்லலையான்னு எனக்கே தெரியல."



"பிள்ளை அடுத்து எத்தனாவது போறா?" என்றார் தையலம்மா.

"மூணாவது."

"மூணாவது யார் எடுக்கறாங்க?"

குமுதவல்லி வெளியே பார்த்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது.

"வர்ற வருஷம் எனக்குத்தான் போட்டிருந்தாங்க."

"போட்டிருந்தாங்களா?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட மாத்திக் கேட்டிருக்கேன். ஒண்ணாவது குடுங்கன்னு. மூணாம் வகுப்பு மாடியில இருக்கு, முழங்கால் வலி, படி ஏற முடியலைன்னு சொன்னேன்."

"முழங்கால் வலிக்குதா டீச்சர்?"

"இல்லம்மா."

"எப்போ கேட்டீங்க?"

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது அவளுக்கு. குப்பைத் தொட்டியைச் சொல்வதுகூட இவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

"அன்னைக்கேம்மா. அவ டப்பாவை வாங்கிட்டுப் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் போனா. நான் அப்படியே திரும்பி ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன். கையில ஈரம்கூடக் காயல."

தையலம்மா எழுந்தார்.

வாசல் படியில் குமுதவல்லியின் செருப்பு கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. தையலம்மா குனிந்து இரண்டையும் கையில் எடுத்தார். தன் முந்தானையால் மணலைத் துடைத்தார். உள்ளே கொண்டு வந்து, குமுதவல்லியின் காலடியில், நுனி தெருவைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்தார்.

குமுதவல்லி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, என் செருப்பைப் போய் நீங்க உங்க கையால..."

"ஹெட்மாஸ்டர் இந்நேரம் வீட்டுலதான் இருப்பாரு" என்றார் தையலம்மா. "கிளம்புங்க டீச்சர்."